நிர்பீக், பிரபல், அசனி... கைத்துப்பாக்கிகளுக்குப் பெயர் வைப்பது யார்? ஏற்காடு மலையில் பிடிபடும் துப்பாக்கிகளுக்கு ஏன் பெயரே இல்லை?

'உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்'. சேலத்தைச் சுற்றியுள்ள மலைகளில் இருந்து அடிக்கடி வரும் செய்தி இது. ஏற்காடு, கருமந்துறை, கல்வராயன் மலை, கொல்லிமலை என ஊர் மட்டும் மாறும். பிடிபட்டது எந்த கம்பெனி, என்ன மாடல் என்ற விவரம் மட்டும் அந்தச் செய்திகளில் இருக்காது. காரணம் ரொம்ப எளிது. அந்தத் துப்பாக்கிக்கு கம்பெனியும் கிடையாது, மாடலும் கிடையாது.

இன்னொரு பக்கம், 2023 ஆகஸ்ட் 18-ம் தேதி கான்பூரில் மத்திய அரசு நிறுவனம் ஒன்று புதிய ரிவால்வரை அறிமுகம் செய்தது. .32 காலிபர், சுமார் 700 கிராம் எடை, 50 மீட்டர் வரை குறி. பெயர் 'பிரபல்'. தமிழ்க் காதுக்கு 'பிரபலமானது' என்று கேட்கும். ஆனால் இந்தியில் அதற்கு 'வலிமையானது' என்று அர்த்தம்.

ஒரு துப்பாக்கிக்கு ஏன் பெயர் வேண்டும்? யார் முடிவு செய்கிறார்கள்? பெயர் இருப்பதாலும் இல்லாததாலும் யாருக்கு என்ன ஆகிறது? சுருக்கமாகச் சொன்னால், பெயர் விற்பனைக்காக வைக்கப்படுவது. பொறுப்பு கேட்க உதவுவது எண். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014-ல் நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் நடந்தது. முதலில் அடிப்படையில் இருந்து தொடங்கலாம்.

பெயர் வைப்பதில் எத்தனை வகை?

உலகம் முழுக்க கைத்துப்பாக்கிப் பெயர்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகை, உருவாக்கியவர் பெயர். கோல்ட், மவுசர், டோக்கரேவ், மக்கரோவ் எல்லாமே மனிதர்களின் பெயர்கள்தான்.

இரண்டாவது, ஆண்டு. அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்றுக்கொண்ட பிஸ்டல் 'எம்1911'. ஜெர்மனியின் 'பி38' 1938-ஐக் குறிக்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் 'சி.இசட். 75' 1975-ல் வந்தது.

மூன்றாவது, வரிசை எண். நான்காவது, வாங்கப்போகிறவர் யார் என்று சொல்லும் பெயர். ஐந்தாவது, ஓர் உணர்ச்சியைத் தூண்டும் பெயர். கோல்ட் நிறுவனம் தன் ரிவால்வர்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: 1950-ல் 'கோப்ரா', 1955-ல் 'பைத்தான்', 1990-ல் 'அனகோண்டா'. பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பது அமெரிக்க வியாபாரிக்கும் தெரிந்திருக்கிறது!

எல்லாப் பெயரையும் கம்பெனிதான் வைத்தது என்றும் சொல்ல முடியாது. 1873-ல் வந்த கோல்ட் ரிவால்வரை உலகம் 'பீஸ்மேக்கர்', அதாவது சமாதானம் செய்து வைப்பவன், என்றுதான் அறியும். அந்தப் பெயரைப் பரப்பியது சின்சினாட்டி நகரத்தில் துப்பாக்கி விற்ற கிட்ரெட்ஜ் என்ற வியாபார நிறுவனம். கடைக்காரர் வைத்த செல்லப் பெயர் கம்பெனி வைத்த பெயரை விட நீண்ட காலம் வாழ்ந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான பெயரும் உண்டு. உலகில் அதிகம் புழங்கும் 9 எம்.எம். தோட்டாவின் முழுப் பெயரில் 'பாராபெல்லம்' என்று ஒரு சொல் வரும். லத்தீனில் 'போருக்குத் தயாராகு' என்று பொருள். லூகர் பிஸ்டலைத் தயாரித்த ஜெர்மன் நிறுவனத்தின் தந்தி முகவரியாக இருந்த சொல் அது. ஒருவர் சமாதானம் என்று விற்றார், இன்னொருவர் போர் என்று விற்றார். உள்ளே இருக்கும் வேலை ஒன்றுதான்.

'க்ளாக் 17'-ல் அந்த 17 என்ன?

சினிமாவில் அதிகம் கேட்கும் பெயர் க்ளாக். அதன் மேகசினில் 17 தோட்டாக்கள் பிடிக்கும் என்பதால்தான் 'க்ளாக் 17' என்று பெயர் வந்தது எனப் பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அடுத்தடுத்த மாடல்களைப் பார்த்தால் அது உடைந்துவிடும். 'க்ளாக் 19'-ன் வழக்கமான மேகசினில் 15 தோட்டாக்கள். 'க்ளாக் 26'-ல் 10 மட்டுமே.

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு. ஆஸ்திரியாவில் கத்தி, திரைச்சீலைக் கம்பி போன்ற பொருட்களைத் தயாரித்துக்கொண்டிருந்தவர் காஸ்டன் க்ளாக். அவருடைய 17-வது காப்புரிமை இந்தப் பிஸ்டல். அதனால் 17. பிறகு வந்த மாடல்களுக்கு எண் அப்படியே வரிசையாக ஏறியது.

இதே பிஸ்டலை 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டபோது வைத்த பெயர் 'பி80'. இத்தாலியின் 'பெரெட்டா 92'-ஐ அமெரிக்க ராணுவம் 1985-ல் எடுத்தபோது அது 'எம்9' ஆனது. கடையில் ஒரு பெயர், படையில் இன்னொரு பெயர். ராணுவத்துக்குக் கவர்ச்சி தேவையில்லை. கிடங்குப் பதிவேட்டில் குழப்பம் வராமல் இருந்தால் போதும்.

அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனமும் 1957-ல் இந்த வழிக்கு வந்தது. அதுவரை இருந்த பெயர்களை எடுத்துவிட்டு எல்லா ரிவால்வருக்கும் எண் கொடுத்தது. 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்பது 'மாடல் 10' ஆனது. ஆனால் பெயரின் பலத்தை அந்த நிறுவனமே மறக்கவில்லை. சுமார் அரை நூற்றாண்டு கழித்துப் புதிய பிஸ்டல் வரிசை வந்தபோது, 'எம் அண்ட் பி' என்ற அந்தப் பழைய பெயரைத்தான் எடுத்து ஒட்டியது.

வாங்குபவரையே பெயராக்கும் உத்தி

பெயர் வழியாக 'இது உங்களுக்கானது' என்று சொல்வது இந்தத் தொழிலில் பழைய உத்தி. ஜெர்மனியின் வால்டர் நிறுவனம் 1929-ல் கொண்டுவந்த 'பி.பி.' என்பதன் விரிவு 'போலீஸ் பிஸ்டல்'. ஜேம்ஸ் பாண்டால் புகழ் பெற்ற 'பி.பி.கே.' அதன் சின்ன வடிவம்.

1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் சிறிய ரிவால்வரை அமெரிக்காவில் நடந்த காவல் துறைத் தலைவர்கள் மாநாட்டில் காட்டியது. பெயர் தேர்வையும் அவர்களிடமே விட்டது. 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவர்களே வாடிக்கையாளர்கள்!

'டாரஸ்' நிறுவனத்தின் 'ஜட்ஜ்' ரிவால்வர் இன்னொரு ரகம். முதலில் அதற்கு '4410' என்று எண்தான் இருந்தது. அமெரிக்காவில் நீதிபதிகள் தற்காப்புக்காக அதை வாங்குவது தெரியவந்ததும் 'ஜட்ஜ்' என்று மாற்றிவிட்டோம் என்பது நிறுவனம் சொல்லும் கதை. எண்ணாக இருந்தது, ஒரு பதவியின் மரியாதையைப் போர்த்திக்கொண்டது.

பெண்களுக்கென்று தனிப் பெயரும் உண்டு. நிறுவனர் பெயரான ஸ்மித்தையும் 'லேடி' என்ற சொல்லையும் சேர்த்து 'லேடிஸ்மித்' என்று 1902-லேயே ஒரு சிறிய ரிவால்வர் வந்தது. 1989-ல் அதே பெயர், பெண்கள் தற்காப்பு என்ற பிரச்சாரத்தோடு மறுபடியும் வந்தது. இதே பாதையில் கால் நூற்றாண்டு கழித்து இந்தியாவும் நடந்தது.

இந்தியாவில்: '1ஏ'-வில் இருந்து 'அஸ்மி' வரை

இந்திய ராணுவம் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் பிஸ்டலின் பெயர் 'பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ'. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாராவது. கோப்பில் எழுதுவதற்காகவே வைத்த மாதிரி ஒரு பெயர். அந்தக் காலத்து அரசுத் தொழிற்சாலைக்கு வாங்குபவரைக் கவர வேண்டிய அவசியமே இல்லை. வாங்குவதும் அரசுதான்.

பொதுமக்களுக்கு விற்கும் துப்பாக்கிகளுக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது. இஷாப்பூரின் .32 பிஸ்டலுக்கு 'அசனி' என்று பெயர். தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதிய சொல் இல்லை. இடி என்று பொருள். 2022 மே மாதம் வங்கக் கடலில் உருவான புயலுக்கும் இலங்கை இதே பெயரைத்தான் கொடுத்திருந்தது. கான்பூரின் .32 ரிவால்வர் ஒன்றுக்குப் பெயர் 'அன்மோல்', அதாவது விலைமதிப்பில்லாதது. இஷாப்பூரின் சின்னஞ்சிறு .22 ரிவால்வருக்கு 'நிடர்', பயமற்றது.

2021 ஜனவரியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வும் ராணுவமும் சேர்ந்து நான்கே மாதத்தில் உருவாக்கியதாக ஒரு மெஷின் பிஸ்டலை அறிவித்தன. பெயர் 'அஸ்மி'. பெருமை, சுயமரியாதை, கடின உழைப்பு என்று அதற்கு அரசே விளக்கமும் கொடுத்தது. சம்ஸ்கிருதத்தில் 'அஸ்மி' என்றால் நேர்ப் பொருள் 'இருக்கிறேன்' என்பதுதான். அகராதி சொல்வது ஒன்று, அறிவிப்பு ஏற்றி வைப்பது இன்னொன்று.

தமிழ்நாட்டின் பங்கு என்ன? 1960-களில் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைதான். 2021 அக்டோபர் 1-ம் தேதி நாட்டின் ஆயுதத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, திருச்சியும் 'பிரபல்' தயாரிக்கும் கான்பூர் நிறுவனத்தின் கீழ்தான் வந்தது. இங்கே தயாரானவை 'திருச்சி அசால்ட் ரைஃபிள்', திருச்சி கார்பைன் என்பதைச் சுருக்கிய 'ட்ரிகா' போன்றவை. இரண்டும் கைத்துப்பாக்கிகள் இல்லை என்றாலும், ஊர்ப் பெயரைத் தாங்கியவை. உணர்ச்சிப் பெயர் வைக்காமல் பிறந்த ஊரைச் சொன்ன பெயர்கள். படைகளுக்காகத் தயாரிக்கும் துப்பாக்கியில் அது போதும்.

'நிர்பீக்' ஏன் சர்ச்சையானது?

2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடூரத்தை யாரும் மறக்கவில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவு. அதனால் ஊடகங்கள் அந்தப் பெண்ணுக்கு 'நிர்பயா' என்று பெயர் கொடுத்தன. பயமற்றவள் என்று பொருள்.

பதிமூன்று மாதம் கழித்து, 2014 ஜனவரியில், கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கான ரிவால்வர் ஒன்றை அறிமுகம் செய்தது. டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம் எடை, .32 காலிபர், ஆறு தோட்டா. நகைப்பெட்டி மாதிரியான அரக்கு நிறப் பெட்டியில் வந்தது. விலை 1,22,360 ரூபாய். பெயர் 'நிர்பீக்'. நிர்பயா என்ற சொல்லுக்கு இதுவும் அதே அர்த்தம்தான். அந்தப் பெண்ணின் நினைவாகவே இந்தப் பெயர் என்று சொல்லப்பட்டது.

உடனே இரண்டு தரப்பாக விவாதம் பிரிந்தது. கையில் துப்பாக்கி இருந்தால் பெண்ணுக்குத் தைரியம் வரும் என்றது ஒரு தரப்பு. மணிப்பூரில் துப்பாக்கி வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக வேலை செய்யும் பினாலட்சுமி நேப்ரம் போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பாதுகாப்பு கொடுக்க வேண்டிய அரசே, 'நீயே வாங்கி வைத்துக்கொள்' என்று சொல்வதா என்பதுதான் எதிர்த்தவர்களின் கேள்வியின் சாரம்.

விலையை வைத்தே அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளலாம். ஏற்காடு எஸ்டேட்டில் நாள் கூலிக்குக் காப்பிப் பழம் பறித்துவிட்டு, இருட்டுவதற்குள் ஒற்றையடிப் பாதையில் வீட்டுக்கு நடக்கும் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு தேவையா? நிச்சயமாகத் தேவை. ஆனால் 1.22 லட்சம் ரூபாய், லைசென்ஸ் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, கலெக்டர் அலுவலக நடை என்று நான்கு சுவர்களைத் தாண்டினால்தான் 'நிர்பீக்' கைக்கு வரும். பெயர் எல்லாப் பெண்களையும் பார்த்துப் பேசியது. பொருளோ வசதியுள்ள சிலருக்கு மட்டுமானது.

இதில் இன்னொரு நெருடலும் இருக்கிறது. ஒரு பெண்ணின் அடையாளத்தைக் காப்பாற்றுவதற்காக வந்த புனைபெயர் அது. அந்தப் பெயரே விற்பனைப் பெட்டியின் மேல் ஏறியது. அவளுக்கு நேர்ந்ததில் இருந்து ஒரு பயம் பிறந்தது. அந்தப் பயத்துக்கு மருந்து மாதிரி ஒரு பொருள் விற்கப்பட்டது. பெயர் வைப்பது வெறும் அலங்கார வேலை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சட்டம் பெயரைப் பார்க்குமா?

பார்க்காது. இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை அளவால் பார்க்கிறது. முக்கியமானது காலிபர், அதாவது குழாயின் உள்விட்டம். ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 எம்.எம்., .38, .455 போன்ற அளவுகள் சாதாரண மக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அதனால்தான் நம் நாட்டில் பொதுமக்களுக்கு வரும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் .32 அல்லது .22. 'நிர்பீக்', 'பிரபல்', 'அன்மோல்', 'அசனி' எல்லாம் பெயரில் வேறு வேறு, காலிபரில் எல்லாமே.32 என்ற ஒரே குடும்பம்.

அடுத்து அதே சட்டத்தின் 8-வது பிரிவு. தயாரிப்பாளர் பெயர், தயாரிப்பு எண், அடையாளக் குறி எதுவும் இல்லாத துப்பாக்கியை விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது. இருக்கும் குறியை அழிக்கவும் கூடாது. அப்படிக் குறி இல்லாத துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், அவரே அதை அழித்தார் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

சர்வதேச அளவிலும் இதே பார்வைதான். சிறிய ஆயுதங்களைத் தடம் பிடிக்க ஐ.நா.வில் 2005-ல் ஏற்கப்பட்ட ஏற்பாடு, தயாரிப்பாளர் பெயரும் நாடும் வரிசை எண்ணும் பொறிக்கப்பட வேண்டும் என்கிறது. மாடல் பெயரைப் பொறிப்பது நல்லது என்று ஊக்குவிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது தமிழ்நாட்டில் வழக்கம். அப்போது அடையாளமாக நிற்பது துப்பாக்கியின் வகை, காலிபர், எண், லைசென்ஸ் எண். கம்பெனி எவ்வளவு யோசித்து வைத்த பெயரானாலும் அங்கே அதற்கு மரியாதை கிடையாது.

சேர்வராயன் மலைக்கு எப்படி வந்தது துப்பாக்கி?

சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். தோட்டங்களோடு ஐரோப்பிய முதலாளிகளும் வந்தார்கள். 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைக்க உரிமம் கேட்டது. ஐரோப்பியர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. ஒரே மலை, இரண்டு நியாயம். பங்களாவில் இருந்தவருக்குப் பெயர் பொறித்த துப்பாக்கி, காகிதம் தேவையில்லை. மலைக் கிராமத்தில் இருந்தவருக்குக் காகிதம் இல்லாமல் எதுவும் கூடாது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 சட்டம் இந்த இன வேறுபாட்டை எடுத்துவிட்டது. அதோடு விவசாயிக்கு ஒரு கதவையும் திறந்து வைத்தது. 13-வது பிரிவில், பயிர்ப் பாதுகாப்புக்காக, குழாயின் வாய் வழியாக மருந்து இட்டுச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கலாம் என்று தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. காகிதத்தில் அதற்குப் பெயர் 'எஸ்.பி.எம்.எல்.'. ஒற்றைக் குழல், வாய் வழி நிரப்பும் வகை என்பதன் சுருக்கம். ஒருவகையில் இதுவும் மாடல் பெயர்தான். வைத்தது கம்பெனி இல்லை, அரசாங்கக் கோப்பு.

உரிமம் இருப்பதாலேயே எதையும் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஏற்காட்டில் தோட்டத்துக்குள் வரும் காட்டெருமை, சட்டத்தின் உச்ச பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் விலங்கு.

'நாட்டுத் துப்பாக்கி' என்பது பெயரா?

நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டு மாடு. இந்தச் சொல் எங்கே ஒட்டினாலும் விலை கூடும். துப்பாக்கியோடு ஒட்டினால் மட்டும் வழக்கு வரும்!

கிடைத்த இரும்புக் குழாய், மரக்கட்டை, கரிமருந்து, பால்ரஸ் குண்டு. கையில் செய்தவருக்கு மட்டுமே அதன் அளவு தெரியும். இலங்கைத் தமிழர்கள் மருந்தை இடித்து நிரப்பும் இதே வகையை 'இடியன் துவக்கு' என்கிறார்கள். வட இந்தியாவில் கள்ளத்தனமாகச் செய்யும் கைத்துப்பாக்கிக்கு 'கட்டா' என்று பெயர். இவையெல்லாம் மக்கள் வாயில் பிறந்த பெயர்கள். எந்த ஒன்றைச் செய்தவர் யார் என்று இந்தப் பெயர்கள் சொல்லாது.

அங்கேதான் ஆபத்து. தொழிற்சாலைக் கைத்துப்பாக்கியின் குழாய்க்குள் சுழல் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். சுடும்போது தோட்டாவின் மேல் அந்த வரிகள் பதியும். எந்தத் துப்பாக்கியில் இருந்து வந்தது என்று தடயவியல் நிபுணர்கள் கண்டுபிடிக்க அது உதவும். நாட்டுத் துப்பாக்கியின் குழாய் வழுவழுப்பானது. வெளியே எண் இல்லை, உள்ளே வரியும் இல்லை. தமிழ்நாட்டு மலைகளில் வேட்டைக்குப் போன இடத்தில் விலங்கு என்று நினைத்து மனிதரைச் சுட்டுவிட்ட செய்திகள் வந்திருக்கின்றன. அப்படி ஒரு குடும்பம் ஆளை இழந்து நிற்கும்போது, எந்தத் துப்பாக்கி, யார் கையில் இருந்தது என்ற கேள்விக்குச் சாட்சிகளின் வாயைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இதை மலைவாழ் மக்களின் பழக்கம் என்று மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது. 2022 மே மாதம், சேர்வராயன் மலைக்கு மேற்கே சமவெளியில் இருக்கும் ஓமலூர் அருகே நடந்த வாகனச் சோதனையில், தாங்களே தயாரித்த துப்பாக்கிகளுடன் இளைஞர்கள் பிடிபட்டார்கள். யூடியூப் பார்த்துத் தயாரித்ததாகச் சொல்லப்பட்ட அந்த வழக்கு பிறகு என்.ஐ.ஏ.வுக்குப் போனது. காப்பித் தோட்டமும் இல்லை, காட்டுப்பன்றியும் இல்லை. ஆனால் அந்தத் துப்பாக்கிகளுக்கும் மாடல் பெயர் கிடையாது, பதிவு எண்ணும் கிடையாது.

பெயருக்கும் விளம்பரத்துக்கும் யாராவது பொறுப்பேற்றார்களா?

ஒரு முக்கியமான வழக்கு உண்டு. டெல்லி சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு, 2012 டிசம்பர் 14-ம் தேதி, அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் உட்பட 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே துப்பாக்கி நிறுவனங்கள் மீது வழக்குப் போடுவது சட்டப்படி மிகவும் கடினம். அதனால் குடும்பங்கள் வேறு வழியைப் பிடித்தன. இந்த ரைஃபிளை விற்ற விதமே தவறு, இளைஞர்களின் ஆண்மைப் பெருமிதத்தைத் தூண்டி விளம்பரம் செய்தார்கள் என்று வாதிட்டன.

2019-ல் கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை விசாரிக்க அனுமதித்தது. 2022 பிப்ரவரியில், உயிரிழந்த ஒன்பது பேரின் குடும்பங்களோடு 7.3 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அது ரைஃபிள் வழக்குதான், பெயரைப் பற்றிய வழக்கும் இல்லை. ஆனாலும் விற்கும் மொழிக்கும் விலை உண்டு என்பதை அது காட்டியது.

இந்தியாவில் கைத்துப்பாக்கிக்குப் பெயர் வைப்பவர்களில் முக்கியமானவர்கள் அரசு நிறுவனங்களே. உரிமம் கொடுப்பதும் அரசு, பெண்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பும் அரசு. அதனால் இங்கே கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 'பயமற்றது' என்று அரசே ஒரு துப்பாக்கிக்குப் பெயர் வைத்தால், துப்பாக்கி இல்லாதவர்கள் பயந்துகொண்டே இருக்கலாமா?

வீட்டில் பழைய துப்பாக்கி இருந்தால் என்ன செய்வது?

தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது, லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டது என்ற நிலை எஸ்டேட் வீடுகளுக்கும் மலைக் கிராம வீடுகளுக்கும் பொதுவானது. ஆயுதச் சட்டம் 21-வது பிரிவின்படி, அதைத் தாமதம் இல்லாமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுகள் வைத்துக்கொள்ள விரும்பினால் தங்கள் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

2019-ல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்க முடியும், முன்பு மூன்று. உரிமத்தின் காலம் 3 ஆண்டில் இருந்து 5 ஆண்டானது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. உரிமம் இல்லாமல் தயாரித்தாலோ விற்றாலோ குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லி போலீசார் அவ்வப்போது அவகாசம் கொடுப்பதும், அந்த அவகாசத்துக்குள் கொடுத்தால் வழக்கு இல்லை என்று அறிவிப்பதும் உண்டு. அப்படி ஓர் அறிவிப்பு வரும்போது பயன்படுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்த முறை கம்பீரமான பெயரோடு புதிய துப்பாக்கி ஒன்று செய்தியில் வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். இந்தப் பெயர் யாரை நோக்கிப் பேசுகிறது? காலிபர் என்ன? அதன் எண் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கும் துப்பாக்கியால் ஒருவர் செத்தால், யார் என்று கேட்க ஓர் இடம் இருக்கும். அது இல்லாத துப்பாக்கிகள் மலையிலும் சமவெளியிலும் இன்னும் கிடைத்துக்கொண்டேதான் இருக்கின்றன.